பல வருஷமா நின்னுபோன பழைய பைக்கை வீட்டுலயே ரெஸ்டோர் பண்ண ஆரம்பிக்கிறது எப்படி (ஸ்பேனரை தொடுறதுக்கு முன்னாடி இதை படிங்க)

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. மேல விரல் கனத்துக்கு தூசி, ரெண்டு டயரும் தரையோட ஒட்டிக்கிட்டு கெடக்கு, உங்களுக்கு கை துறுதுறுங்குது, இப்பவே எல்லாத்தையும் கழட்டி பரப்பிடணும்னு தோணும். தோணட்டும், ஆனா செய்யாதீங்க. நான் என் மொத வண்டிய ஒரே சனி ஞாயிறுல மொத்தமா கழட்டினவன், அன்னைக்கு ராத்திரி ரொம்ப பெருமையா தூங்கினேன், அப்புறம் அந்த வண்டி மூணு வருஷம் அட்டைப்பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. ஏன்னா எந்த போல்ட் எங்க போகும்னு தெரியல, அதை விட கொடுமை, கழட்டுறதுக்கு முன்னாடி எது நல்லா இருந்துச்சு எது போயிருந்துச்சுன்னே தெரியல.

அதனால இந்த கைடுல கழட்டுற வேலை கடைசிலதான் வரும். வண்டி முழுசா நிக்கிறப்பவே அதுகிட்ட கேக்க வேண்டியதை எல்லாம் கேட்டுக்கணும், முடிஞ்சா இன்ஜினை ஒரு தடவையாவது ஓட விட்டு காதால கேட்டுடணும். அப்புறம் தான் ஸ்பேனர்.

மொதல்ல பேப்பர், நம்பர்

ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஓனர்ஷிப் பேப்பர்ல இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. நம்பர் மேல பெயிண்டும் கிரீஸும் அப்பியிருந்தா தின்னர்ல நனைச்ச துணியால தொடச்சு எடுங்க, கிரைண்டரோ எமரி தாளோ வேண்டாம், நம்பரை நீங்களே அழிச்சுட்டு நிப்பீங்க. யாரோ ஏற்கனவே தேய்ச்சு மாத்தின மாதிரி தெரிஞ்சா அங்கயே நிறுத்திட்டு அதை சரி பண்ணுங்க, ஆறு மாசம் உழைச்சதுக்கு அப்புறம் வண்டி உங்களது இல்லைன்னு தெரியுறது நல்லா இருக்காது.

அடுத்து உங்க மாடலோட வொர்க்‌ஷாப் மேனுவலும் பார்ட்ஸ் புக்கும் தேடி பிடிங்க. பார்ட்ஸ் புக்குல இருக்கிற பிரிச்சு வெச்ச படங்கள் தான் ரொம்ப உதவும், எந்த வாஷர் எந்தப் பக்கம்னு அதுலதான் தெரியும்.

கழுவாதீங்க, போட்டோ எடுங்க

நிறைய பேர் பண்ற தப்பு, வந்த உடனே தண்ணி அடிச்சு பளிச்சுன்னு கழுவிடுறது. அந்த அழுக்கு தான் உங்களுக்கு சாட்சி. இன்ஜின்ல எந்த எடத்துல எண்ணெயும் தூசியும் சேந்து கெட்டியா பிடிச்சிருக்கோ அங்கதான் லீக் இருந்திருக்கு. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கறுப்பா கசிஞ்சிருந்தா ஹெட் கேஸ்கெட், ஃபோர்க் குழாய்ல எண்ணெய் வழிஞ்ச தடம் இருந்தா ஃபோர்க் ஆயில் சீல், இப்படி ஒவ்வொன்னையும் குறிச்சு வைங்க.

போட்டோ எடுக்கிறப்ப அழகா எடுக்க வேண்டாம், நிறைய எடுங்க. கேபிள் எந்தப் பக்கமா வளைஞ்சு போகுது, வயர் ஃபிரேம்ல எங்க கட்டியிருக்கு, ஸ்பீடோமீட்டர் பின்னாடி எத்தன வயர், ஹெட்லைட் டூமுக்குள்ள என்ன குழப்பம், எல்லாம். ஒரு நோட்டும் வெச்சுக்கோங்க, வண்டில இல்லாத சாமானை அதுல எழுதுங்க. ஏர் ஃபில்டர் பெட்டி, சைடு கவர், டூல் பாக்ஸ் மூடி மாதிரி சில்லறை சாமான் தான் பழைய வண்டிக்கு கிடைக்கிறது பெரும்பாடு, பிஸ்டன் கூட சுலபமா கிடைச்சுடும்.

போட்டோ முடிஞ்சதும் ஏர் ஃபில்டர் பெட்டிய திறந்து பாருங்க, சைலன்சர் ஓட்டைல டார்ச் அடிச்சு பாருங்க. எலி கூடு கட்டியிருக்கும், குளவி மண்ணு வெச்சு அடைச்சிருக்கும். எலி இருந்த வண்டின்னா வயரிங்கை கடிச்சிருக்கும்னு எடுத்துக்கோங்க.

அஞ்சு நிமிஷ உடம்பு செக்கப்

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தை தரைய விட்டு தூக்கி நிறுத்துங்க. ஹேண்டில்பாரை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க, நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி டக்குன்னு நின்னா ஸ்டீயரிங் பேரிங்கோட பாதை குழிஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஃபோர்க்கோட அடிய பிடிச்சு முன்ன பின்ன இழுங்க, ஆட்டம் இருந்தா லூஸ் இல்ல தேய்மானம். பின் சக்கரத்த பக்கவாட்டுல ஆட்டிப்பாருங்க, சக்கரம் மட்டும் ஆடுனா வீல் பேரிங், ஸ்விங் ஆர்மும் சேந்து ஆடுனா அதோட புஷ். அப்புறம் வண்டிக்கு பின்னாடி தள்ளி குந்தி உக்காந்து ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல நிக்குதான்னு ஒத்தக் கண்ண மூடி பாருங்க. ஸ்டீயரிங் ஹெட்டுக்கு கீழ ஃபிரேம்ல பெயிண்ட் சுருங்கியோ விரிசலோ இருந்தா வண்டி முன்னாடி எதுலயோ மோதியிருக்கு. ஃபிரேம் வளைஞ்சிருந்தா அதை நிமித்துறது வீட்டு வேலை கிடையாது, அதுக்குன்னு ஜிக் வெச்சிருக்கிறவங்க கிட்ட தான் போகணும், மத்த முடிவெல்லாம் அதுக்கு அப்புறம்.

கிக்கரை மிதிக்காதீங்க

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையா படிங்க.

வருஷக்கணக்கா நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் சுவத்தோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கலாம். அப்ப போய் கிக்கரை ஓங்கி மிதிச்சா ரிங்கு உடையும், இல்ல கிக்கர் பல்லு போகும், ரெண்டுமே ஒரு மிதியோட செலவு. அதனால மொதல்ல பிளக்கை கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்கை சுத்தி இருக்கிற மண்ணை ஊதி விடுங்க, இல்லைன்னா அது நேரா சிலிண்டருக்குள்ள போயிடும். பிளக் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாருங்க, போன்ல மாட்டுற சின்ன கேமரா வயர் இருந்தா இன்னும் நல்லது.

துரு தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும் கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க. ஜாம் ஆகாத மாதிரி தெரியுற இன்ஜினுக்கு ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் போதும். ஜாம் ஆனதுக்கு நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரி பாதி கலந்து ஊத்துவேன். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும், கிட்ட நெருப்பு கூடாது, பெயிண்ட் மேல பட்டா பெயிண்டும் போயிடும், ரெண்டும் தானா பிரிஞ்சுடும்ங்கிறதால ஊத்துறதுக்கு முன்னாடி நல்லா குலுக்கணும். டீசலும் வேலை செய்யும், மெதுவா. ஊத்திட்டு ஒரு நாள் இல்ல, ஒரு வாரம் விடுங்க, நடுவுல கொறஞ்சா மறுபடி ஊத்துங்க.

அப்புறம் வண்டிய டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்த கையால முன்னயும் பின்னயும் சின்னதா ஆட்டுங்க. டாப் கியர் ஏன்னா அதுலதான் சக்கரத்துல இருந்து கிராங்குக்கு (பிஸ்டனோட சேந்து சுத்துற தண்டு) போற விசை அதிகம், கையாலயே மெதுவா, கன்ட்ரோலா தள்ளலாம், ஃபர்ஸ்ட் கியர்ல அதே கைவிசை கிராங்குக்கு போறப்ப ரொம்ப கொறஞ்சிடும், சக்கரத்த அசைக்கிறதே கஷ்டம். ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சா போதும், அன்னைக்கு அதோட நிறுத்திட்டு மறுபடி எண்ணெய் ஊத்தி விடுங்க. அசைஞ்ச பிஸ்டனை ஒரே மூச்சுல முழுசா சுத்திடணும்னு ஆசைப்படாதீங்க, கரண்டுன துரு சிலிண்டர் சுவத்துல கோடு போட்டுடும். ரெண்டு மூணு வாரம் ஆகியும் அசையலைன்னா ஹெட்டையும் சிலிண்டரையும் கழட்டித்தான் ஆகணும், வேற வழி இல்ல.

நல்லா சுத்த ஆரம்பிச்சதும் கம்ப்ரஷன் பாருங்க. கேஜ் இருந்தா பிளக் ஓட்டைல மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசா திறந்து வெச்சு, முள்ளு ஏறுறது நிக்கிற வரைக்கும் கிக் பண்ணுங்க. ஆக்சிலேட்டர் மூடி இருந்தா காத்து உள்ள வராம ரீடிங் பொய் சொல்லும். எவ்வளவு வரணும்ங்கிறது மேனுவல்ல பாக்கணும், பழைய குறைஞ்ச கம்ப்ரஷன் இன்ஜினை புது வண்டியோட ஒப்பிட்டு பயந்துடாதீங்க. ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா இன்னொரு தந்திரம், ரீடிங் கம்மியா வந்தா ஒரு ஸ்பூன் ஆயில் பிளக் ஓட்டைல ஊத்தி திரும்ப பாருங்க, ரீடிங் ஏறுனா ரிங்கு தேய்மானம், அப்படியே இருந்தா வால்வு உக்காரல இல்ல ஹெட் கேஸ்கெட்.

ஆயில் சொல்ற கதை

ட்ரெயின் போல்ட் கழட்டி பழைய ஆயிலை வெள்ளை தட்டுல பிடிங்க. காப்பி கலர்ல பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. மினுமினுன்னு தூள் வந்தா காந்தத்தை காட்டுங்க, ஒட்டுனா இரும்பு, கியரோ பேரிங்கோ தேயுது, ஒட்டலைன்னா பிஸ்டனோ புஷ்ஷோ. நைசான தூள் கொஞ்சம் இருக்கிறது சகஜம், நகத்தளவு துண்டு வந்தா சகஜம் இல்ல.

தனி ஆயில் டேங்க் வெச்ச டிரை சம்ப் இன்ஜின்னா ஒன்னு கவனிங்க. நிக்கிற காலத்துல டேங்க் ஆயில் பம்ப் வழியா மெல்ல மெல்ல கசிஞ்சு அடில கிராங்க் இருக்கிற எடத்துல போய் நிறைஞ்சிருக்கும். டேங்க் காலியா இருக்கேன்னு நெனச்சு மேல புதுசா ஊத்திட்டு கிளப்புனீங்கன்னா சைலன்சர் வழியா ஊருக்கே புகை, சீல் வழியா தரையெல்லாம் எண்ணெய். அடில இருக்கிறதையும் ட்ரெயின் பண்ணிட்டு தான் புது ஆயில்.

டூ ஸ்ட்ரோக்குக்கு வேற கவலை. கிராங்க் ரெண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் ஆயில் சீல் வருஷக்கணக்கா நின்னா கல்லு மாதிரி காஞ்சு போகும், அது வழியா காத்து உள்ள போனா பெட்ரோல் கலவை கொறஞ்சு இன்ஜின் சூடாகி பிஸ்டன் பிடிச்சுடும். சும்மா ஒரு நிமிஷம் ஓட விட்டு பாக்க பரவாயில்ல, ரோட்டுக்கு போறதுக்கு முன்னாடி சீல் மாத்தியே ஆகணும்.

ஸ்பார்க்

பாயிண்ட் (காயிலுக்கு போற கரண்டை விட்டு விட்டு துண்டிச்சு ஸ்பார்க் வர வைக்கிற சின்ன சுவிட்ச்) வெச்ச வண்டியா இருந்தா பத்துல எட்டு தடவ பிரச்சனை அந்த பாயிண்ட் முனையில பூத்திருக்கிற ஆக்சைடு தான். நைசான எமரி தாளை ரெண்டு முனைக்கும் நடுவுல வெச்சு லேசா இழுங்க, அப்புறம் சுத்தமான வெள்ளை அட்டையால துடைங்க, எமரி தூள் அதுலயே தங்கிடக்கூடாது. கேப் மேனுவல் படி, நிறைய பழைய வண்டிகளுக்கு 0.35ல இருந்து 0.4 மில்லிமீட்டர் வரைக்கும் வரும். புது பிளக் மாட்டி, அதோட மரைய இன்ஜின் மெட்டல்ல ஒட்ட வெச்சு, பிளக் ஓட்டைல இருந்து தள்ளி பிடிச்சு, கிக் பண்ணி பாருங்க. உள்ள ஊத்துன அசிட்டோன் கலவையெல்லாம் வெளிய போனதுக்கு அப்புறம் தான் இதை செய்யணும், அந்த ஓட்டைல இருந்து தெறிக்கிற ஆவிக்கு பொறி பட்டா முகத்துக்கு தீ வரும். ஸ்பார்க் நீலமா சத்தத்தோட வந்தா நல்லது, மஞ்சளா மெலிசா வந்தா கண்டென்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்க.

பேட்டரி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் உறுதி பண்ணுங்க. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, அப்புறம் எர்த் எந்த முனை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் நிறைய பாசிட்டிவ் எர்த், நம்ம பழக்கத்துல நெகட்டிவ்வை பாடில கொடுத்தா ரெக்டிஃபையர் அங்கயே காலி. எதுவா இருந்தாலும் நடுவுல ஒரு ஃபியூஸ் போட்டுட்டு குடுங்க, பழைய வயரோட தோல் தொட்டாலே உதிரும்.

டேங்க், கார்ப்ரேட்டர்

டேங்க் மூடிய திறந்ததும் வார்னிஷ் வாசனை வந்தா அது செத்த பெட்ரோல். வெளிய எடுத்து கேன்ல பிடிங்க, தரைலயோ சாக்கடைலயோ ஊத்தாதீங்க. காலி டேங்க் தான் நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து, உள்ள நிக்கிற ஆவி தான் வெடிக்கும், அதனால ஓட்டை இருக்குன்னு நீங்களே வெல்டிங் வெக்கிற எண்ணம் கூடவே கூடாது.

துரு லேசா இருந்தா சிட்ரிக் ஆசிட் வெந்நீர்ல கரைச்சு நிறைச்சு ஒரு நாள் விடுங்க. ரொம்ப கனமா பொரிஞ்சு இருந்தா மொதல்ல ஒரு பிடி நட்டு, இல்லைன்னா ஒரு முழம் பழைய செயினை உள்ள போட்டு குலுக்குங்க, செயினா இருந்தா வெளிய இழுக்க சுலபம், நட்டை போட்டா எத்தன போட்டோம்னு எண்ணி வெச்சுக்கோங்க. ஆசிட் வேலை முடிஞ்சதும் பேக்கிங் சோடா தண்ணில அலசி, உடனே காய வைங்க. உடனேன்னா உடனே தான், ஈர இரும்பு அரை மணி நேரத்துல மறுபடி ஆரஞ்சு கலர் ஆயிடும். காஞ்சதும் கொஞ்சம் ஆயிலை ஊத்தி உள்ள எல்லா பக்கமும் சுத்தி விடுங்க. மொத ஸ்டார்ட்டுக்கு இந்த டேங்க் தேவையே இல்லங்கிறதால அவசரப்பட வேண்டாம்.

கார்ப்ரேட்டரை கழட்டுறப்ப ஏர் ஸ்க்ரூவை மொதல்ல உள்ள முழுசா மெதுவா முறுக்கி எத்தன சுத்துன்னு எண்ணி எழுதிட்டு அப்புறம் வெளிய எடுங்க. உள்ள பச்சையா பிசின் மாதிரி உறைஞ்சிருக்கும். ரப்பர் வாஷர், ஃப்ளோட் எல்லாத்தையும் எடுத்துட்டு தான் கார்ப் கிளீனர் அடிக்கணும், இல்லைன்னா ரப்பர் ஊதிப்போகும். பைலட் ஜெட் (ஐடில்ல பெட்ரோல் விடுற சின்ன பித்தளை துண்டு) ஓட்டை தலைமுடி கனம் தான் இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகி ஐடில்ல நிக்காததுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம். அதுல ஊசியோ கம்பியோ விட்டு குடையாதீங்க, பித்தளை ஜெட் பெருசாயிடுச்சுன்னா அளவே போச்சு. பழைய வயர்ல இருந்து ஒத்த தாமிர இழை எடுத்து மெல்ல விட்டு, காத்து அடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு வட்டமா தெரியுதான்னு பாருங்க. வினிகர்லயும் சிட்ரிக் ஆசிட்லயும் கார்ப்ரேட்டர் பாடிய ஊற வைக்கிற வீடியோ நிறைய சுத்துது, அந்த பாடி துத்தநாகக் கலவையோ அலுமினியமோ, ஆசிட் அதை அரிச்சிடும், நம்பாதீங்க.

மொத ஸ்டார்ட்

ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாம முப்பது நாப்பது தடவ கிக் பண்ணி ஆயில் மேல ஏறுதான்னு பாருங்க, ராக்கர் மூடிய திறந்தோ இல்ல ஆயில் டேங்க்ல திரும்பி வர்ற குழாய்லயோ தெரியும். வராம கிளப்பாதீங்க. டூ ஸ்ட்ரோக்குன்னா பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துடாதீங்க, விகிதம் மேனுவல்ல இருக்கும்.

வெட்ட வெளில நிறுத்துங்க, மூடுன ரூம்ல ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை சாய்ச்சிடும். தீயணைப்பான் கை எட்டுற தூரத்துல. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல புது பெட்ரோல், ஒரு குழாய், அதை கார்ப்ரேட்டருக்கு மேல உயரத்துல கட்டி தொங்க விடுங்க. கைல ஒரு மரக்கட்டை வெச்சுக்கோங்க, கார்ப்ரேட்டர் வாயை முழுசா மூடுற அளவு. காத்து எங்கயாவது கசிஞ்சு இன்ஜின் தானா எகிற ஆரம்பிச்சா சாவியை ஆஃப் பண்ணாலும் டூ ஸ்ட்ரோக் சில நேரம் நிக்காது, வாயை அடைச்சா தான் நிக்கும்.

கிளம்பிடுச்சா? புகை வரும், நீங்க ஊத்துன எண்ணெய் எல்லாம் எரியுது, பயப்படாதீங்க. மொத தடவ அரை நிமிஷம் தான், நிறுத்துங்க. கசிவு எங்கன்னு பாருங்க. மறுபடி ரெண்டு நிமிஷம், முன்னாடி ஒரு டேபிள் ஃபேன் வைங்க, காத்துல குளிர்ற இன்ஜின் நின்ன எடத்துல ஓடுனா சீக்கிரம் சூடாயிடும். காது குடுத்து கேளுங்க: அடில இருந்து டொக் டொக்குன்னு கனமா வந்தா கனெக்டிங் ராடு பேரிங், மேல டிக் டிக்குன்னு லேசா வந்தா டேப்பெட் கேப், குளிர்ல கட கடன்னு வந்து சூடானதும் கொறஞ்சா பிஸ்டன் கேப். எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. இன்ஜினை பிரிக்கணுமா வேண்டாமான்னு இந்த ரெண்டு நிமிஷம் தான் முடிவு பண்ணும்.

ஓடிடுச்சேன்னு தெருவுல ஒரு ரவுண்டு போற ஆசை வரும். டயர் சைடுல நாலு இலக்க நம்பர் பாருங்க, 2314ன்னா 2014ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, மூணு இலக்கம் தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி. பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் செத்துருக்கும். பிரேக் டிரம்முக்குள்ள இருக்கிற பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்து அடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால துடைச்சு கவர்ல கட்டி போடுங்க. புது டயர், டியூப், பிரேக் ஷூ இல்லாம தெரு கிடையாது.

சரி, இப்ப கழட்டலாம்

ஒரு பகுதி கழட்டி, அதை முடிச்சு, அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஜிப் கவர், மேல மார்க்கர்ல பேர். இன்ஜின் சைடு கவர் ஸ்க்ரூ எல்லாம் வேற வேற நீளம் இருக்கும், அட்டைல கவரோட வடிவத்தை வரைஞ்சு அந்தந்த எடத்துல ஓட்டை போட்டு சொருகி வைங்க.

ஜப்பான் வண்டில இருக்கிற பிளஸ் ஸ்க்ரூ பாக்க சாதாரணம் மாதிரி இருந்தாலும் அது ஜேஐஎஸ் (ஜப்பான் தர நிர்ணயம்) அளவு, சாதா பிலிப்ஸ் டிரைவர் போட்டா வழுக்கி தலைய தின்னுடும், ஜேஐஎஸ் பிட்டும் சுத்தியால அடிக்கிற இம்பாக்ட் டிரைவரும் வாங்குங்க. பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு முறை) ஸ்பேனர் வேணும், அதுல எழுதியிருக்கிற அளவு போல்ட் கம்பியோட கனம், தலையோட அகலம் இல்ல, அதனால மில்லிமீட்டர் ஸ்பேனரை தோராயமா மாட்டி முனைய ரவுண்டாக்கிடாதீங்க. சில வண்டில சில நட்டு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர் பக்கம் சுத்துனா தான் கழலும், அசையலைன்னா பைப் மாட்டி நெம்புறதுக்கு முன்னாடி மேனுவலை ஒரு தடவ பாருங்க, நான் ஒரு கிளட்ச் நட்டை தப்பான பக்கம் நெம்பி ஷாஃப்டோட மரையே போச்சு.

துருப்பிடிச்ச போல்ட்டுக்கு பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க, காலைல மொதல்ல லேசா இறுக்கி பாருங்க, கிரக்குனு சத்தம் வந்ததும் கழட்டுங்க. அலுமினியத்துல மாட்டுன இரும்பு போல்ட்டுன்னா ஹீட் கன் தான் மருந்து, அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், தண்ணி சொட்டு விட்டா சுர்ருங்கிற சூடு போதும். சைலன்சர் ஸ்டட் ரெண்டும் எப்பவுமே ஒடையுற கேஸ், அதை மட்டும் மூணு நாள் ஊற விடுங்க.

பெயிண்ட், குரோம் எல்லாம் கடைசி. குரோம்ல துரு லேசா இருந்தா அலுமினிய ஃபாயிலை கசக்கி தண்ணில நனைச்சு தேய்ங்க, பாதி போயிடும், அப்புறம் யோசிங்க மறுபடி பூசணுமான்னு. டேங்க்ல கம்பெனி பெயிண்டும் கோடும் மங்கலா இருந்தாலும் முழுசா இருக்குன்னா, சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல மட்டும் பாலிஷ் போட்டு ஒரு வாரம் அப்படியே கண்ணு முன்னாடி வெச்சு பாருங்க, சுரண்டிட்டா அந்த பெயிண்ட் திரும்ப வராது. நான் மூணாவது வண்டிக்கு பெயிண்ட் டப்பா வாங்கி வெச்சேன், இன்னும் திறக்கல.